மெலாஸ் இல்லாத தவிடு

என் மகளுக்கு இன்னும் பால் மறக்கடிக்காத நாளில் நான் ஒரு குதிரைப் போட்டியில் கலந்துகொண்டேன். எங்கள் தீவில் ரிவியேர் தே ஸாங்கீய் என்ற ஊருக்கு அருகே ஒரு கரும்புத் தோட்டத்தின் குதிரை லாயம் அப்பாவின் பொறுப்பில் இருந்தது. பள்ளி நாட்களிலிருந்தே காலையில் குதிரைகளை ஓட்டிப் பழக்குவது என் வேலை. ஆசிரியையான பிறகும், கல்யாணமான பிறகும் அதை விடவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு மறுபடி ஏறப்போகிறேன் என்றதும் மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு தடவை விழுந்தா அதோட சரி. குழந்தைக்கு அம்மா வேணும்."

என் கணவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். மாமியார் சொன்னது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

எனக்குக் கிடைத்த குதிரையோ, ஆளைத் தள்ளுவதில் பெயர் வாங்கியது. தோட்ட மேலாளரின் மனைவி பிரான்ஸுக்குப் போகும்போது விட்டுப்போன பழுப்புநிறப் பெண்குதிரை அது. முன்பு சாதுவாகத்தான் இருந்தது. பெரிய புயலில் லாயத்தின் தகரக் கூரை அதன் தலைக்கு மேலேயே பிய்ந்துகொண்டு போனது. அதன்பின் எது சரசரத்தாலும் பக்கவாட்டில் பாயும். கரும்புத் தோகை சரசரக்காத இடம் எங்கள் ஊரில் ஏது?

போட்டியைத் தோட்டத்து முதலாளிகள் வெட்டுக்காலம் தொடங்குமுன் நடத்துவார்கள். காலையில் புல்தரையில் குதிரையை வட்டமும் கோடுமாக அடக்கத்தோடு நடத்திக் காட்ட வேண்டும். பிறகு கம்புகளைத் தாண்ட வேண்டும். பிற்பகலில் வயல்களுக்கு நடுவே கல்சுவர், வாய்க்கால், வண்டி என்று வைத்திருக்கும் தடைகளைத் தாண்டி ஓட வேண்டும். மூன்றையும் ஒரே குதிரை, ஒரே ஆள் செய்ய வேண்டும்.

கால்நடை மருத்துவர் நரம்புக்கு நல்லது என்று ஒரு வெள்ளைத் தூள் கொடுத்தார். மக்னீசியம் என்றார். கசப்பு. தவிட்டில் கலந்தால் குதிரை முகர்ந்துவிட்டு மூக்காலேயே வாளியைத் தள்ளியது. அப்பா யோசிக்கவே இல்லை. ஆலையில் சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் கறுத்த பாகை, எங்கள் பேச்சில் மெலாஸ், இரண்டு கரண்டி ஊற்றினார். குதிரை வாளியை நக்கிக் காலி செய்தது. கசப்பு என்றால் மெலாஸ் என்பது எங்களுக்குக் கைப்பழக்கம். எனக்கும் சிறுவயதில் பேதி மருந்து அப்படித்தான் இறங்கியது.

சில வாரம் போயும் குதிரை அமைதியாகவில்லை. இன்னும் மோசமானது. தூள் போதவில்லை என்று அப்பா கூட்டினார். கூட்டிய தூளுக்கு ஏற்ப மெலாஸையும் கூட்டினார். ஒரு வாரம் மெலாஸ் பீப்பாய் காலியாகிவிட்டது. குதிரை தூளைத் தொடவில்லை. அந்த வாரம்தான் அது கரும்பு ஓரமாகப் பாயாமல், காதை மட்டும் திருப்பியபடி நடந்தது.

வீட்டில் சொன்னேன். என் கணவர் ஆலைச் சோதனைக்கூடத்தில் வேலை செய்தவர்.

"மெலாஸ்ல பாதிக்குப் பாதி சர்க்கரைதான்," என்றார். "பயந்த குதிரைக்குச் சர்க்கரை ஊட்டிட்டு இருக்கீங்க."

லாயத்தில் அதைச் சொன்னதும் அப்பாவுக்குக் கோபம் வந்தது. "தோ ஃபூ? உனக்கென்ன பைத்தியமா? மெலாஸ்ல என்னம்மா இருக்கு? இந்த ஊர்ல மாடு, மனுஷன் எல்லாம் அதுலதான் வளர்ந்தோம்."

அவர் சொன்னதும் சரியாகவே பட்டது. தூள்தான் ஒத்துக்கொள்ளவில்லையோ, அந்த வாரம் காற்றுக் குறைவோ என்றெல்லாம் குழம்பினேன். மெலாஸை நிறுத்திப் பார்ப்போம் என்று மட்டும் பிடிவாதமாக இருந்தேன். அப்படியானால் தூளை எதில் கொடுப்பது?

பால் ஊறுவதற்காக மாமியார் தினமும் எனக்கு வெந்தயக் கஞ்சி வைத்துக் கொடுப்பார். என் உடம்பெல்லாம் வெந்தய வாசனை. குதிரை என் சட்டைக் கையை விடாமல் நக்கியது அதனால்தான் என்று ஒருநாள் பட்டது. வெந்தயத்தைப் பொடித்துத் தவிட்டில் போட்டேன். தூளோடு சேர்த்துத் தின்றது.

டப்பா காலியானதை மாமியார் பார்த்தார்.

"பிள்ளை பெத்தவளுக்குன்னு வாங்கினேன். குதிரை எப்போ பெத்துச்சு?"

மறுநாள் அவரே கடையிலிருந்து இரண்டு மடங்கு வாங்கிவந்தார்.

போட்டியன்று காலை குதிரை நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்தது. ஒரு கம்பு மட்டும் விழுந்தது. மதியம் வண்டிக் கொட்டகையில் மறைவாக உட்கார்ந்து மகளுக்குப் பால் கொடுத்தேன். வேண்டாம் என்று யாராவது சொன்னால் விலகிவிடலாம் என்றிருந்தது. யாரும் சொல்லவில்லை.

"பா பேர், மோ திஃபி," என்றார் அப்பா. பயப்படாதே, மகளே.

கல்சுவரைத் தாண்டியது. வாய்க்காலில் தயங்கித் தாண்டியது. கரும்பு இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் நின்ற பாதையில் காதைத் திருப்பிக்கொண்டே ஓடியது. கடைசித் தடை, கரும்புத் தோகை ஏற்றிய ஒரு தாழ்வான மாட்டுவண்டி. காற்றில் தோகை அசைந்தது. குதிரை நின்றுவிட்டது. திருப்பிக் கொண்டுவந்தேன். மறுபடி நின்றது. மூன்றாவது முறையும் நின்றால் வெளியேற்றிவிடுவார்கள். தாண்டினால் போட்டி முடிந்தது. அரைமனதாகத் தாண்டினால் இரண்டு பேரும் வண்டி மேல் விழுவோம். என் காலுக்கடியில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்குக் கேட்பதுபோலவே இருந்தது. கையைத் தூக்கி நடுவருக்குச் சைகை காட்டிவிட்டுத் திரும்பி நடத்திக்கொண்டு வந்தேன்.

"இன்னொரு தட்டு தட்டியிருந்தா போயிருக்கும்," என்றார் அப்பா.

"தெரியலப்பா."

உண்மையாகவே தெரியவில்லை. இன்றும் தெரியாது.

மாமியார் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். "விழுந்தியா?"

"இல்ல, அத்தை."

"அப்புறம் ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு நிக்கிற? தோத்தா ஏறக் கூடாதுன்னு நான் சொன்னேனா?"

அவர் நிறுத்து என்று சொல்லியிருந்தால் முடிவு அவருடையதாகியிருக்கும். அந்த வசதியை அவர் எனக்குத் தரவில்லை. மறுநாள் ஞாயிறு முழுக்க, பால் கொடுக்கும்போதும் துணி துவைக்கும்போதும், மறுபடி ஏறுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகுமுன் லாயத்துக்குப் போனேன். அன்று ஏறவில்லை. குதிரையைக் கயிற்றில் பிடித்து, அந்த மாட்டுவண்டி நின்ற இடம்வரை நடத்திக்கொண்டு போனேன்.