அரை மணிக்கூர் உணங்கணும்

அமரவிளை கனகதாஸ் பதினெட்டு வருஷம் போர்விமானங்களின் இறக்கைக்குள் படுத்து வேலை பார்த்தவர். அந்த விமானங்களில் எரிபொருளுக்கென்று தனித் தொட்டி கிடையாது. இறக்கையின் உள்கூடுதான் தொட்டி. தகடுகள் சேரும் இடமெல்லாம், ஆணித்தலை ஒவ்வொன்றிலும், சீலண்ட் பசை பூச வேண்டும். பூசும் முன், தகட்டைத் துடைத்த திரவம் நன்றாகக் காய வேண்டும்.

ஒருநாள் காயவில்லை. "நேரமில்ல, பூசுலே" என்று அவசரப்படுத்தியவர் சூப்பர்வைசர் சஜி, குன்னத்துகால்காரர். இறக்கை ஒழுகியது. சஜியின் அறிக்கையில் ஒரே வரி: 'கனகதாஸ் பசை பூசத் தகுதியற்றவர்.' அதன்பிறகு ஓய்வுபெறும்வரை கனகதாஸுக்குக் கருவி அறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் வேலைதான். அறிக்கையின் நகலைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு ஊருக்குக் கொண்டுவந்தார். இங்கே வீட்டுத் தொட்டிகளின் ஒழுக்கை அடைத்தார். பாறசாலை வரைக்கும் பெயர்.

போன மாதம் சஜியே போன் செய்தார். மறுநாள் புதுவீட்டுப் பால்காய்ச்சு. மொட்டைமாடி சிமெண்ட் தொட்டி ஹாலுக்குள் ஒழுகுகிறது. சொட்டுகிற இடத்தில் மூன்று தடவை அப்பியும் நிற்கவில்லை.

"இப்பம் வாறேன் சாறே."

சைக்கிள் பம்பையும் பசைக்குழாயையும் அந்த உறையையும் எடுத்துக்கொண்டு போனார். தொட்டியைக் காலியாக்கி, உட்சுவரெல்லாம் தடவச் சோப்புநுரையோடு சஜியை உள்ளே இறக்கினார். கீழே ஹாலில் ஏணிமேல் நின்று, சொட்டிய விரிசலுக்குள் காற்றடித்தார்.

"எலே, அந்தால மூலையிலயில்லா குமிழி வருது!" என்று மேலிருந்து கத்தினார் சஜி.

"சொட்டுகது ஒரு எடம், ஓட்டை வேற எடம். இறக்கையிலயும் இதாக்கும்."

மாடிக்கு ஏறினார். தொட்டியின் வாயில் சஜியின் தலை தெரிந்தது.

"இனி நீ பூசு மக்கா."

"எனக்குத் தகுதி இல்லியே சாறே. ஒங்க கையெழுத்தாக்கும்." உறையை நீட்டினார்.

பக்கத்தில் நின்ற சஜியின் மனைவி ஸ்ரீகுமாரி வாங்கிப் படித்தார். "இது நிங்க எழுதினதா?"

சஜியின் தலை தொட்டிக்குள் இறங்கியது.

"பேனா உண்டு" என்றார் கனகதாஸ்.

அறிக்கையை வாங்கி, தொட்டியின் ஈரத் தரையில் மண்டியிட்டு, அந்த வரிக்குக் கீழே சஜி எழுதினார்: 'காயும் முன் பூசச் சொன்னது நான்.' கனகதாஸ் தேதியும் போட வைத்தார். பிறகு பசைக்குழாயை உள்ளே போட்டார்.

"நல்லா தொடச்சு, அரை மணிக்கூர் உணங்க விட்டு, நிங்களே பூசணும்."

"ராத்திரிக்கே ஆளுவ வந்திருவாவலே. இப்பமே பூசுனா என்ன?"

"அண்ணைக்கும் இதத்தான் சொன்னிய."

கனகதாஸ் தொட்டியின் வாயில் உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.