பிளக் பொய் சொல்லாது

தெருமுனை மெக்கானிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வண்டிக்காரர்கள் சொல்வதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். "வாய் பொய் சொல்லும், பிளக் சொல்லாது" என்பார். எஞ்சினிலிருந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் வேலையே. முப்பது வருடப் பழக்கம்.

ஒருநாள் தையற்காரி ஒருத்தி, இறந்துபோன கணவனின் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பிளக் முழுக்கக் கரி. டாங்கில் பெட்ரோலை நிரப்பி, கரியைக் கரைக்கும் மருந்தையும் ஊற்றினார்.

"இந்த டாங்க் தீர ஓட்டினாத்தாம்மா கரி போகும்."

"ஓட்ட யாருமில்லண்ணே. அவர் ஞாபகமா வீட்டுல நல்லபடியா நிக்கட்டும்னுதான் கொண்டு வந்தேன்."

தள்ளிக்கொண்டே திரும்பிப் போனாள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"வண்டி நிக்கிற பூட்டின ரூமுக்குள்ள புகை வாசம் வருதுண்ணே."

பிளக்கைக் கழற்றினார். தினமும் ஓடுகிற வண்டியின் பிளக்கைப் போல, கரியின் சுவடே இல்லாமல் இளம்பழுப்பாக இருந்தது. வண்டியைக் குலுக்கினார். டாங்கில் சொட்டுப் பெட்ரோல் இல்லை.

"முழு டாங்கையும் ஓட்டித் தீர்த்துட்டு யாரு காதுல பூ சுத்துறம்மா? சாவியக் குடு."

"அன்னிக்கு இங்கேயே விட்டுட்டுப் போயிட்டேனே அண்ணே."

அவர் திரும்பிப் பார்த்தார். சுவர் ஆணியில், ஒரு மாதத் தூசியோடு, சாவி தொங்கிக்கொண்டிருந்தது.