இருபது நிமிஷம் நடக்கும் ரம்பக்கோடு

என் மகள் அதை முதன்முதலில் எப்போது பார்த்தாள்? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எட்டு வயது அவளுக்கு. படிக்க உட்கார்ந்தால் சில நாள், "அம்மா, எழுத்து மேல மஞ்சு ஏறுது" என்பாள். கொடைக்கானலில் மஞ்சு என்கிற மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வருவது வழக்கந்தானே? எழுந்துபோய்ச் சாத்துவேன். அப்புறம் தலைவலி என்று படுப்பாள், தைலம் தேய்ப்பேன். படித்தவள் நான், இரண்டு மாதம் ஜன்னலையே சாத்திக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் நல்ல வெயிலிலும் அதையே சொன்னாள். அவள் அப்பா சிரித்தார்.

"கணக்கு நோட்டை எடுத்தா மஞ்சு வெரசா வந்துருதே!"

"போங்கப்பா! இது பளபளன்னு ஆடுது."

அவளது ஒரு கண்ணைப் பொத்தினேன். அதே இடத்தில் தெரிந்தது. மறு கண்ணைப் பொத்தினாலும் அப்படியே. இரண்டையும் மூடச் சொன்னேன். "இன்னும் இருக்கும்மா." எனக்கு அவள் போகும் வழிதான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடம் போகும் ஒற்றையடிப் பாதையில் ஒரு பக்கம் பள்ளம். என் மடியில் கைக்குழந்தை. அவள் தனியாகத்தான் போகிறாள்.

"இனி அனுப்ப வேண்டாம்" என்றார் அவர். படிப்பை நிறுத்த நான் சம்மதிக்கவில்லை.

அடுத்த முறை அது வந்தபோது தாளின் நடுவில் புள்ளி வைத்தேன். "புள்ளியையே பாத்துக்கிட்டு, அது எங்க நிக்குதுன்னு வரை." கடிகாரம் பக்கத்தில். முதலில் புள்ளியருகே எறும்பளவு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கோடு. ரம்பப்பல் வைத்த வில்போல வளர்ந்து, இருபதாவது நிமிஷத்தில் தாளைத் தாண்டிவிட்டது. போகப்போகக் கோடுகளுக்கிடையே இடைவெளி கூடியிருந்தது.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்ணைச் சோதித்துவிட்டு, அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார்.

"கண்ணுல கோளாறு இல்ல. பின்மண்டையில, பார்வைக்குன்னு மூளையில இருக்கற இடத்துல ஒரு அலை மெதுவா பரவுது. ஒத்தைத் தலைவலியோட சேர்ந்தது."

"கடைசியில ஏங்க வேகமா ஓடுது?"

"அலை ஒரே நிதானமாத்தான் போகுதுன்னு நெனைக்கிறாங்க. நடுப்பார்வைக்கு அங்க இடம் அதிகம், ஓரத்துக்குக் கொஞ்சம். அதான் ஓரத்துல ஓடுறாப்புல தெரியுது. வந்தா, வந்த எடத்துலயே உக்காரச் சொல்லுங்க. அரைமணிக்கு மேலயும் தெளியலைன்னா கூட்டிட்டு வாங்க."

தினமும் கேட்டுப் பழக்கினேன். "வழியில வந்தா?" "மலைப்பக்கமா உக்காருவேன். போற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

அனுப்பினேன். போன வாரம் ஒருநாள் தாமதமாக வந்தாள், பாவாடையில் மண். "வந்துச்சு, உக்காந்தேன், போயிருச்சு. பசிக்குதும்மா."

மறுநாள் மனசு கேட்காமல், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறைந்து பின்னால் போனேன். திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"நான் உக்காரமாட்டேன்னு நெனச்சியா?"

படிப்பை நிறுத்தமாட்டேன், அதில் மாற்றமில்லை. ஆனால் பின்தொடர்வதா, விட்டுவிடுவதா? இப்படியொரு பிள்ளையை வளர்த்தவர்கள் எழுதுங்கள்: எந்த வயதில் தனியே விட்டீர்கள்? விட்ட பிறகு வீட்டில் எப்படி இருந்தீர்கள்?