கிணற்றில் இறங்கிய ஏழரை

கொற்கையை அடுத்த எங்கள் ஊரில் என் தங்கைக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஆளுக்கொரு மோட்டார். காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை சித்தப்பா முறை, அதன்பிறகு தங்கை முறை. ஐந்து எச்.பி.க்கு மேல் யாரும் மோட்டார் வைக்கக்கூடாது என்பது அப்பா காலத்துப் பேச்சு.

இந்தப் பங்குனியில் சித்தப்பாவின் மோட்டார் எரிந்துபோக, தூத்துக்குடியில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார். அந்த வாரமே தங்கை முறையில் தண்ணீருக்குப் பதில் சகதி வந்தது. அவளுடைய வாழை குலை தள்ளும் சமயம். இப்போது தண்ணீர் தவறினால் காய் திரளாது. எனக்குப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை போனேன்.

மோட்டார் தகட்டில் 5.5 கிலோவாட் என்றிருந்தது.

"அஞ்சுக்கு மேல அரைதானல கூட? அரைக்குப் போயி ஆளக் கூட்டியாந்திருக்கா" என்றார் சித்தப்பா.

"அது எச்.பி. இல்ல சித்தப்பா, கிலோவாட்டு."

கிலோவாட் என்றால் ஆயிரம் வாட். ஆக, 5500 வாட். நம் கடைகளில் புழங்கும் எச்.பி. 746 வாட், மெட்ரிக் குதிரைத்திறன் 735.5. எதால் வகுத்தாலும் விடை ஏழரைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். சொன்னேன்.

"ஏழரைய வெல கொடுத்து வாங்கி கிணத்துல எறக்கிருக்கியளே!" என்றாள் தங்கை.

"மாட்டுன மோட்டார எவன் திருப்பி எடுப்பான்?"

திருப்ப வேண்டாம் என்றேன். ஐந்து எச்.பி. ஆறு மணி நேரத்தில் இறைப்பதை ஏழரை எச்.பி. ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் இறைத்துவிடும். பத்து மணிக்கு நிறுத்தினால் போதும்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஆறு மணி நேரம் எங்க அய்யா விட்டுட்டுப் போன முறை. அத நாலாக்கச் சொல்லுதியோ?"

"நாளைக்கு ஒரு நாள் பாருங்க. பத்து மணிக்குக் கடைசிப் பாத்தி நிறையலன்னா பன்னெண்டு வரைக்கும் ஓட்டுங்க."

மறுநாள் பத்து மணிக்குச் சற்று முன்பே கடைசிப் பாத்தி நிறைந்து, வரப்பு மேல் தண்ணீர் வழிந்தது. சித்தப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தபடி நின்றார். பிறகு மோட்டார் ரூமுக்குப் போய் அவரே சுவிட்சை அணைத்தார்.

"ஏளா, வந்து உன் மோட்டாரப் போடு" என்று கூப்பிட்டார். "முறை ஆறு மணி நேரந்தான், அதுல மாத்தம் இல்ல. நான் சீக்கிரம் முடிச்சிட்டேன், அம்புட்டுத்தான்."