கழுத்தெலும்புக்குள் காற்று

கொழும்பில் எந்தத் தமிழ்ப் பலகையைக் கண்டாலும் முதலில் பிழைதான் தேடுவேன். பஸ், வங்கி, ஆஸ்பத்திரி என்று மும்மொழிப் பலகைகளில் தமிழை மட்டும் கொலை செய்து வைத்திருப்பதைப் பார்த்துப் பார்த்து வந்த வியாதி. வெள்ளவத்தைத் தமிழர் பலருக்கு இது உண்டு. எனக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது.

கொட்டாஞ்சேனையில் அச்சகம் வைத்திருப்பவர், ஒரு டைனோசர் கண்காட்சிக்கான முதல் தமிழ்ப் பலகையைச் சரிபார்க்க என்னிடம் தந்தார். மொழிபெயர்த்தவள் மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கமான ஹட்டனிலிருந்து வேலை தேடி வந்த இளம்பெண். இது நன்றாக வந்தால் மீதிப் பலகைகளும் அவளுக்கே என்று பேச்சு. அவள் ஊரைக் கேட்டதும் என் சந்தேகம் கூடியது. அதை ஒளிப்பதில் பயனில்லை.

நீண்ட கழுத்து டைனோசர் இலைகளை மெல்லாமல் விழுங்கும் என்று எழுதியிருந்தாள். பொறுத்துக்கொண்டேன். கழுத்தெலும்புகளுக்குள் காற்று நிறைந்திருந்தது என்ற வரியில் பேனா நின்றது. உடனே அவளுக்குப் போன் எடுத்தேன்.

"தங்கச்சி, இவ்வளவு நீளக் கழுத்து. உள்ளுக்கு வெறும் காத்தெண்டா முறிஞ்சு விழாதே?"

"இல்லீங்க சார். பறவைங்க மாதிரி நுரையீரல்ல இருந்து காத்துப் பை கழுத்துக்குள்ள போகுது. எலும்பு கனமா இருந்தா கழுத்தத் தூக்கவே முடியாதுங்க."

சமாளிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஆங்கிலப் பிரதி மேசையிலேயே கிடந்தது. புரட்டவில்லை. தமிழில்தான் பிழை என்று முடிவு கட்டியவனுக்கு அது எதற்கு? 'எலும்புகள் உள்ளே கெட்டியானவை' என்று திருத்தினேன். இந்தப் பிள்ளைக்கு விஞ்ஞானம் தெரியாது என்று அச்சகக்காரரிடமும் சொன்னேன். மீதிப் பலகைகள் வேறு ஒருவருக்குப் போயின.

கொள்ளுப்பிட்டியில் கண்காட்சி தொடங்கியதும் போனேன். மாதிரி டைனோசரின் கழுத்தெலும்பு ஒன்றை வெட்டித் திறந்து காட்டியிருந்தார்கள். உள்ளே வெட்டிய பாண் ரொட்டி போல அறை அறையாக ஓட்டை. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் காற்று என்றே இருந்தது.

பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களே, மற்ற ரெண்டிலயும் சரி. தமிழில மட்டும் பிழை. ஆர் எழுதினதோ!"

குனிந்து பலகையின் அடியைப் பார்த்தார். சரிபார்த்தவன் பெயரைப் போடும் வழக்கம் இல்லை. அங்கே இருந்த அவள் பெயரை அவர் உரக்க வாசித்தார். திருத்தியது நான் என்று சொல்லாமல் அடுத்த பலகைக்கு நகர்ந்தேன்.