வளைவில் நின்ற வீடு

வத்தலக்குண்டு தாண்டி மலையேறும் எங்கள் பஸ், ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றுவிடுகிறது. எதிரே வழியை அடைத்துக்கொண்டு ஒரு வீடு நிற்கிறது. வீடேதான்: சன்னலில் திரை, கூரையில் புகைக்குழாய், கீழே சக்கரங்கள். வெள்ளைக்காரத் தம்பதியின் அந்த வண்டிக்குப் பின்னால், இரும்புத் தண்டில் பூட்டிய ஒரு பிக்கப் வேன். வீட்டைக் கிளப்பும்போதெல்லாம் அது பின்னுக்கு வழுக்கி, பிக்கப்பைப் பள்ளத்தின் பக்கம் தள்ளுகிறது. கழற்றலாமென்றால், பாரத்தில் தண்டின் ஆணி இறுகிவிட்டது.

என் பக்கத்து இருக்கை மாரிமுத்து, பழனியில் தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர். கண்டக்டரிடம் மரக்கட்டையை வாங்கிக்கொண்டு இறங்குகிறார்.

"தேரு முக்கு திரும்புறதும் இப்படித்தாங்க. வெரசா இழுத்தா எதிர்க் கடைக்குள்ள போயிரும். நான் கை காட்டுனாத்தான் கிளப்பணும்னு அந்த வெள்ளைக்காரருகிட்ட சொல்லுங்க."

நான் சொல்கிறேன். கை உயர்கிறது. வீடு உறுமி ஒரு சாண் ஏறுகிறது; அது வழுக்குமுன் சக்கரத்தின் பின்னால் கட்டை விழுகிறது. மறுபடி ஒரு சாண். பஸ்ஸே இறங்கிப் பிக்கப்புக்குத் தோள் கொடுக்கிறோம். யாரோ 'அரோகரா' போட, வெள்ளைக்கார அம்மாளும் கூடவே கத்துகிறாள். வளைவு திரும்பியபோது என் செருப்பில் ஒன்றைக் காணோம். எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

எல்லோரும் பஸ்ஸில் ஏறிவிட்டோம். மாரிமுத்து மட்டும் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டின் பின்னால் நடக்கிறார்.

"இன்னும் எத்தனையோ வளைவு கெடக்குண்ணே, ஏறுங்க" என்கிறேன்.

அவர் திரும்பாமலே சொல்கிறார்: "தேரு நெலைக்கு வராம நான் எப்படிங்க ஏற?"