அரசருக்கு வணக்கம் சொன்ன காவலாளி

கோபன்ஹேகனில் நான் துப்புரவு வேலை செய்த அருங்காட்சியகத்தில், இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் நாட்டின் பழைய அரசர் ஒருவரின் வெண்கலத் தலை இருந்தது. அங்கே காவலாளி ஒரு நைஜீரியர். நரைத்த தாடி, மடிப்புக் கலையாத சட்டை. தினமும் காலையில் அந்தத் தலைக்கு முன் குனிந்து வணக்கம் சொல்லுவார்.

எங்கள் ஊரில் போர் முடிந்த கிழமை, ஏன் என்று கேட்டேன்.

“எங்கட அரசர். அரண்மனையைக் கொள்ளையடிச்ச படை தூக்கிக்கொண்டு வந்தது. இங்க இவரைத் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன்தான்,” என்றார் டேனிஷில். “உங்கட ஊர்ச் சண்டைக்குள்ள ஆரும் இருந்தவையோ?”

“ஓம், என்ர தம்பி. ஒரு தகவலும் இல்லை.”

அவர் ஆறுதல் சொல்லவில்லை. தம்பியின் பெயரைக் கேட்டார். செந்தூரன் என்றேன். சரியாக வரும்வரை மூன்று தரம் சொல்லிப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து, “செந்தூரன் போனில கதைச்சவரோ?” என்று தினமும் கேட்டார். அந்த நாள்களில் எங்கள் வீட்டில்கூட ஒருவரும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை.